ஓர் ஈர்க்கும் ஒன்றரை டெஸ்லா காந்தமும்

திசையன்விளைக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவின் தம்பி, என் மாமா, பதினாறு வயதிலிருந்து பனையேறியவர். நான் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதக் காலையில் மாமா மரத்திலிருந்து விழுந்தார். அன்று சாயங்காலமே அவரை என் மிஷினுக்குள் படுக்கவைத்து நானே படம் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

தண்டுவடத்தில் அடிபட்டவரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "படத்துல என்னம்மா தெரியுது? நடந்துருவாரா?" டெக்னீஷியன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. சொல்லவும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அதே கேள்வியை நானே எனக்குள் கேட்டேன். அதற்குப் பிறகு டாக்டர்களிடம் கேட்டும், ராத்திரி டியூட்டியில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தும், மாமாவைப் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. வைத்திய முடிவுகளை உங்கள் டாக்டரிடம் கேட்டே எடுங்கள்.

விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தின ராத்திரி கோடை மழை. மரம் ஈரம். பதநீர்க் கலயத்தோடு இறங்கும்போது பாதி மரத்தில் கால் வழுக்கிவிட்டது. மண்ணில் உட்கார்ந்த வாக்கில் விழுந்து, அப்படியே பின்னால் சாய்ந்திருக்கிறார். பக்கத்து விடிலியில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்து, இன்னொருவர் இரண்டு காலையும் பிடித்து, வாழைத்தாரைத் தூக்குவது மாதிரி தூக்கி ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போட்டார்கள். அவர்கள் எல்லாரும் மாமாவின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதைப்பில் செய்ததுதான். ஆனால் உடைந்த முதுகெலும்பு மடங்கும்போது எலும்புச் சில்லு உள்ளே இருக்கிற தண்டுவடத்தை மறுபடியும் நசுக்கும். விழுந்ததில் போனது எவ்வளவு, தூக்கியதில் போனது எவ்வளவு என்று எந்த ஸ்கேனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அத்தை இன்றைக்கும் அதை நினைத்து அழுவாள்.

அதனால் பனங்காட்டுப் பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் முதலில் சொல்வது இதுதான். மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவர் கால் அசையவில்லை என்றால், முதுகு வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது என்றால், அவரை உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்காதீர்கள். 108க்குப் போன் பண்ணுங்கள். வண்டி வரும்வரை ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தலையையும் கழுத்தையும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாலே பெரிய உதவி. நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து, தலையும் இடுப்பும் காலும் ஒரே கோட்டில் இருக்கிற மாதிரி ஒருக்களித்துப் புரட்டி, அடியில் ஒரு கதவையோ பெஞ்சுப் பலகையையோ செருக வேண்டும். விடிலிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பலகை கிடந்தால் போதும். எங்களிடம் அன்றைக்கு அது இருந்தது. பனங்கிழங்கு காய வைக்கிற பலகை, பத்தடி தூரத்தில், சுவரில் சாத்திக் கிடந்தது.

முதலில் கொண்டுபோன இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு உடைந்திருக்கிறது என்று சொல்லிப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எலும்பைத்தான் காட்டும். தண்டுவடம் என்பது முதுகெலும்புக் கட்டைகளின் துவாரத்துக்குள்ளே மூளையிலிருந்து இறங்கி வருகிற நரம்புக் கற்றை. பெரிய ஆளுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். இடுப்பெலும்பு வரை போகாது, முதலாம் இரண்டாம் இடுப்புக் கட்டைகளின் பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தனித்தனி நரம்புகளாகக் குதிரைவால் மாதிரி தொங்கும். எக்ஸ்ரேயில் இது ஒன்றும் தெரியாது. எலும்பு ஒன்றுமே உடையாமல் தண்டுவடம் மட்டும் நசுங்குவதும் உண்டு. சைக்கிளிலிருந்து குப்புற விழுந்த ஒரு பெரியவரை இப்படி என் மேஜையில் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே சுத்தம். காலால் நடந்துதான் வந்தார், ஆனால் கையால் சட்டைப் பித்தானைக் கழற்ற முடியவில்லை. கழுத்தில் ஏற்கெனவே தேய்மானத்தால் குறுகியிருந்த இடத்தில் தண்டுவடத்தின் நடுப்பகுதி வீங்கியிருந்தது. "எலும்பு நல்லா இருக்கு" என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கையிலோ காலிலோ பலமோ உணர்வோ குறைந்திருந்தால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேளுங்கள்.

மாமா ஸ்ட்ரெச்சரில் வந்தார். பதநீர் வாசனை அப்படியே இருந்தது, உடம்பில் காய்ந்து ஒட்டிப்போன பதநீர். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதால் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். கறுப்பு அரணாக்கயிறு, அதில் கோத்த ஒரு தாயத்து. சின்ன வயதில் பாட்டி கட்டிவிட்டது, கயிறு மாறியிருக்கிறது, தாயத்து மாறவில்லை. மிஷின் காந்தம் ஒன்றரை டெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தம் இருக்கிற அளவைப்போல 30,000 மடங்குக்கும் மேல். ஸ்விட்சை அணைத்தாலும் காந்தம் அணையாது, எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். தாயத்துக் குழலுக்குள் என்ன தகடு இருக்கிறதோ, யாருக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்தேன். மாமா கண்ணைத் திறந்து, "அறுத்துராதட்டி, முடிச்ச அவுத்துரு" என்றார். எத்தனையோ வருஷ முடிச்சு. நகத்தால் நெண்டி நெண்டி அவிழ்த்தேன். அவருடைய தொப்புளுக்கு நாலு விரல் கீழே என் கை பட்டது. அது அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு கிடையாது. உடம்பில் இருக்கிற தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தம் வரிசைப்படுத்துகிறது. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை சிக்னல் விடும். எந்தத் திசுவில் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் படம். டி2 என்று நாங்கள் சொல்லும் படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். அடிபட்ட தண்டுவடத்தில் நீர் கோத்து வீங்கியிருந்தால் அந்த இடம் வெளுக்கும். புது ரத்தம் கசிந்திருந்தால் வெளுப்புக்கு நடுவே கறுப்பாகத் திட்டு விழும். அந்தக் கறுப்பு பெரிதாக இருந்தால் தேறுவது கடினம் என்று டாக்டர்கள் கணக்கெடுப்பார்கள். வெளுப்பு எத்தனை கட்டை உயரத்துக்கு நீண்டிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

மாமாவின் படத்தில் பத்தாவது முதுகுக் கட்டை நொறுங்கி ஒரு சில்லு பின்னால் தள்ளியிருந்தது. தண்டுவடத்தில் வெளுப்பு. நான் கறுப்பைத் தேடினேன். ஒவ்வொரு துண்டாக நகர்த்தித் தேடினேன். இல்லை. அந்த ராத்திரி எனக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான்.

மறுநாள் ஆப்பரேஷன். சில்லை எடுத்து, டைட்டானியம் ஸ்குரூவும் கம்பியும் வைத்து எலும்பை நிறுத்தினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய கடன் இல்லாமல் முடிந்தது. ஆப்பரேஷன் எலும்பைத்தான் நிறுத்தும், தண்டுவடத்தின் அழுத்தத்தைத்தான் எடுக்கும், செத்த நரம்பைத் தைக்காது. இதை அப்போதே யாராவது எங்களுக்குப் புரியும்படி சொல்லியிருந்தால், கட்டைப் பிரித்ததும் எழுந்து நடப்பார் என்று அத்தை காத்திருந்திருக்க மாட்டாள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒரு இளம் டாக்டர் வந்தார். கையில் பஞ்சும் குண்டூசியும் மட்டும். நெஞ்சிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு இடமாகக் குத்தி, "கூர்மையா இருக்கா, மொட்டையா இருக்கா?" என்று கேட்டார். கடைசியில் ஆசனவாயைச் சுற்றியும் குத்திப் பார்த்தார். மாமாவுக்கு வெட்கம் தாங்கவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இடது பக்கம் ஏதோ படுது சார்" என்றார் மெதுவாக. டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தண்டுவடத்தின் கடைசிக் கண்ணிகள் ஆசனவாய்ப் பக்கத்துக்கு வருகிறவை. அங்கே கொஞ்சம் உணர்வு மிச்சமிருந்தால் அடிபட்ட இடத்தைத் தாண்டி ஏதோ சில இழைகள் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். இந்தச் சோதனையின் முடிவை ஏ முதல் ஈ வரை ஒரு எழுத்தாக எழுதுவார்கள். ஏ என்றால் முழு முறிவு, அங்கே ஒன்றுமே இருக்காது. பி என்றால் உணர்வு மட்டும், சி, டி என்றால் அசைவும் உண்டு, ஈ என்றால் சரியாகிவிட்டது. உலகம் முழுக்க இந்த அளவுகோல்தான். மாமா பி.

என் மிஷின் கோடிக்கணக்கில் விலை. அது சொல்லாத ஒன்றை ஒரு குண்டூசி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் சென்டருக்கு வருகிற வீட்டார் படத்தைக் காட்டி அழும்போது நான் கேட்கிற ஒரே கேள்வி, "ஊசி வச்சுச் சோதிச்சாங்களா? எந்த எழுத்துன்னு சொன்னாங்களா?" டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த எழுத்தும், உணர்வும் அசைவும் எந்த மட்டம் வரை இருக்கிறது என்பதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் சில நாட்கள் தண்டுவடம் அதிர்ச்சியில் மரத்துக் கிடக்கும். அதனால் முதல் நாள் எழுத்தையே தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்று நாள் கழித்து, மறுபடி ஒரு மாதம் கழித்து என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஸ்கேன் சில வாரம் கழித்து. டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது, அதனால் ஸ்குரூ இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கவே முடியாது என்று பயப்பட வேண்டாம். ஆனால் தன்னைச் சுற்றிலும் படத்தைக் கலங்கலாக்கும். என்ன உலோகம், எந்த வருஷம் வைத்தது என்ற சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் டெக்னீஷியன் அதற்கேற்ற மாதிரி எடுப்பார். இதை எங்கள் தொழில்காரியாக அடித்துச் சொல்கிறேன், சீட்டு இல்லாமல் வருகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

வீக்கம் வடிந்திருந்தது. நடுத்துண்டில் அடிபட்ட இடம் வெள்ளைக் குழியாகத் தெரிந்தது. அதன் முன்பக்கத்தில் நூல் கனத்துக்குச் சாம்பல் கோடு ஒன்று மேலேயும் கீழேயும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் பேட்ரிக் ஃபிராய்ண்ட் என்பவருடைய குழு 2017லிருந்து இந்தக் கோட்டைத்தான் அளந்துவருகிறது. திசுப்பாலம் என்கிறார்கள். அகலமான பாலம் மிஞ்சியவர்கள் பிற்பாடு கூடுதலாகத் தேறுவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அளப்பதற்குப் புது மிஷின் வேண்டாம், சாதாரண டி2 படமே போதும். எங்கள் ஊர் சென்டரில் எடுக்கிற படத்திலும் அது இருக்கிறது. இதைப் படித்த ராத்திரி மாமாவின் படத்தைத் திறந்து மவுசால் அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லை. இருந்தாலும் இருந்தது.

அந்த எண்ணை வைத்து மாமாவிடம் நான் ஒரு வாக்குக் கொடுக்கவில்லை. ஆராய்ச்சி சொல்வது பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற போக்கு. ஒரு ஆள் நடப்பாரா என்று அதில் தேதி போட்டிருக்காது. தண்டுவடத்தைப் படம் எடுப்பதே லேசுப்பட்ட காரியமில்லை. அது மூளையைப் போல அசையாமல் கிடக்காது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் சுற்றியுள்ள நீர் மேலும் கீழும் ஓடும், மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் இருக்கிற காற்று மாறி காந்தப் புலமும் இலேசாக மாறும், சுற்றிலும் எலும்பு வேறு. அந்தச் சுண்டுவிரல் பருமனுக்குள்தான் ஏறுகிற பாதை, இறங்குகிற பாதை, நடுவே பட்டாம்பூச்சி வடிவத்தில் சாம்பல் பகுதி எல்லாம். இழைகளின் திசையைக் காட்டுகிற டிஃபியூஷன் படம், தண்டுவடத்தைத் தானாக அளக்கிற மென்பொருள் என்று நிறைய வந்துகொண்டிருக்கின்றன. நம் ஊர் ரிப்போர்ட்டில் அவை வர நாளாகும்.

என்னை ஆழமாக மாற்றியது இன்னொரு படிப்பு. அடி முதுகில், ஆனால் மாற்றம் மூளையில். அதே ஃபிராய்ண்ட் குழு 2013ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக அடிபட்ட 13 பேரை ஒரு வருஷம் விடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. அடிபட்ட இடத்துக்கு மேலேயும் தண்டுவடம் மெலிந்துகொண்டே போனது. மூளையில் உடம்பை அசைக்கவும் உணரவும் இருக்கிற பகுதிகளும் சுருங்கின. இது ஆண்டுக்கணக்கில் நடக்கிற தேய்மானம் அல்ல, முதல் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. மெலிவு குறைவாக இருந்தவர்கள் அன்றாட வேலைகளில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஹரியானாவில் மானேசரில் இருக்கிற தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயின் குழு குரங்குகளில் வேறொன்றைக் கண்டது. தண்டுவடப் பாதை அறுந்தபின் மூளையில் கைக்குரிய இடம் தாடையைத் தொட்டால் பதில் சொல்ல ஆரம்பிக்கிறது. இந்த இடமாற்றம் மேல்மூளையில் பிறக்கவில்லை, மூளைத்தண்டில் பிறக்கிறது என்று 2014ல் காட்டினார்கள். ஆள் இல்லாத வயலில் பக்கத்து வரப்புக்காரன் உழுதுவிடுகிற மாதிரி.

வயல் தரிசாகிவிடவில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. கைகால் விளங்காமல் போன சிலரை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, அசைக்க முயற்சி பண்ணுங்கள் என்று சொல்லி 2001ல் பார்த்தார்கள். வருஷக்கணக்காக அசையாத உறுப்புக்கான மூளைப் பகுதி, முயன்றதும் வேலை செய்தது. இதைப் படித்ததிலிருந்து பிசியோதெரபி நேரத்தில் மாமாவின் காலை நாங்கள் சும்மா மடக்கி நீட்டுவதில்லை. "மாமா, நீங்களும் மடக்குங்க, மனசால மடக்குங்க" என்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு திளாப்பைக் காலில் மாட்டி மரம் ஏறுவதாக நினைத்துக்கொள்வார். இதனால்தான் ஏழாம் மாதம் வலது தொடையில் தசை துடித்தது என்று நான் சொல்லவில்லை. துடித்தது. அதைக் கையை வைத்துப் பார்த்தேன், கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது.

இனி வலி. இந்த விஷயத்தில் நாங்கள் பெரிய தப்பு பண்ணிவிட்டோம், அதனால் நின்று சொல்கிறேன்.

மூன்றாம் மாதம் மாமா ராத்திரியில் கத்த ஆரம்பித்தார். "காலுல தீய வச்ச மாதிரி எரியுதுட்டி, விடிலி அடுப்புக்குள்ள காலை விட்டுட்டுப் படுத்திருக்கேன்." தொட்டால் தெரியாத கால், எரிகிறது. ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். "வலி வந்துட்டுன்னா உசுரு வந்துட்டுன்னு அர்த்தம்" என்றார்கள். சிலர் நடிக்கிறார் என்றார்கள். அத்தைக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி வேப்பெண்ணெயைச் சூடுகாட்டி, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுத்தாள். மாமா சுகமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். மறுநாள் காலையில் இரண்டு கெண்டைக்காலிலும் கொப்புளம். சூடு தெரியாத தோலுக்குச் சூடு பண்ணியிருக்கிறோம். அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் நிற்கிற பயிற்சி கிடையாது.

கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அந்த எரிச்சல் காலில் இல்லை. காலிலிருந்து சேதி வராமல் போனதும் தண்டுவடத்திலும் மூளையிலும் நரம்புகள் தாமாகவே சிக்னல் விடுகின்றன. 2009ல் ஆஸ்திரேலியாவில் நெஞ்சு மட்டத்தில் அடிபட்டவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இப்படி வலி உள்ளவர்களின் மூளையில் சுண்டுவிரலுக்குரிய இடம் காலுக்குரிய பக்கமாக நகர்ந்திருந்தது. எவ்வளவு நகர்ந்திருந்ததோ அவ்வளவு வலி கூடுதல். நகர்ந்ததால் வலியா, வலியால் நகர்ந்ததா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று தீர்ந்துவிட்டது, வலி பொய் இல்லை. மாமாவிடம் அந்தக் கட்டுரையின் படத்தைப் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் நடிக்கல, பாத்தியா?" என்று அத்தையிடம் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறை அழுது பார்த்தேன்.

அதனால் இப்படி எரிச்சல் வந்தால் நரம்பு வலிக்கென்றே இருக்கிற மாத்திரைகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் என்ற பெயர்களை அவர் சொல்லக்கூடும். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. உணர்வில்லாத தோலில் ஒத்தடம், வெந்நீர்ப் பை, வெயிலில் சுட்ட சிமெண்டுத் திண்ணை, மடியில் வைத்த காபி டம்ளர் எதுவும் கூடாது. வெந்நீரை முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள், அதுவும் உணர்வுள்ள ஆளின் முழங்கை.

படுக்கைப் புண்ணுக்கும் சிறுநீருக்கும் இரண்டு வரி. இரண்டு மணிக்கொருதரம் புரட்டுவது, நாலைந்து மணிக்கொருதரம் சுத்தமான டியூபால் சிறுநீரை எடுத்துவிடுவது. ஸ்கேனும் ஆப்பரேஷனும் கொடுத்ததைக் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான். அத்தை போன் அலாரத்தை நம்பவில்லை, சர்ச் மணியை வைத்துக் கணக்கு வைத்திருந்தாள்.

மாமாவை மறுபடி மனுஷனாக்கியது ஆய்க்குடி. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் அமர் சேவா சங்கத்தை 1981ல் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். கடற்படைத் தேர்வில் உடல்திறன் சோதனையின்போது 1975ல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020ல் பத்மஸ்ரீ. மாமா அங்கே போகும்போது ஸ்கேன் படம் எழுதின விதிதான் தன் விதி என்று நினைத்துக்கொண்டு போனார். அங்கே கை மட்டும் விளங்குகிறவர்களும் கையும் விளங்காதவர்களும் கணக்கு எழுதுவதையும், வீல்சேரிலிருந்து கட்டிலுக்குத் தாவுவதையும் பார்த்தார். பனையேறியின் கைக்கும் தோளுக்கும் இருக்கிற பலம் அங்கே அவருக்கு உதவியது. திரும்பி வந்தபோது திண்ணையிலிருந்து தானே வீல்சேருக்கு மாறினார். இப்போது காலிபர் என்கிற கால்தாங்கியைப் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி வைப்பார். மற்றபடி வீல்சேர்தான். சீசனில் விடிலி வாசலில் உட்கார்ந்து, கொதிக்கிற பதநீரின் நுரையைப் பார்த்தே பதம் சொல்வார்.

ஸ்டெம் செல் ஊசிக்காக நிலத்தை விற்கலாமா என்று கேட்டு மாதம் ஒருவராவது வருகிறார்கள். எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது, இரண்டு ஏக்கர் விளைக்கு விலைகூடப் பேசியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. சில ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது தவிர, மற்ற எந்த நோய்க்கும் ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சிதான். அதை முறையான சோதனையாகத்தான் செய்யலாம், அப்படிச் செய்யும்போது பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்காக ஆராய்ச்சியே வீண் என்று நினைக்காதீர்கள். ஒரு விபத்தில் கழுத்தில் அடிபட்ட கெர்ட் யான் ஆஸ்காம் என்ற டச்சுக்காரரின் மூளைச் சிக்னலைப் படித்து, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு மின்தூண்டலாக அனுப்பி, அவரை ஊன்றுகோலோடு நடக்கவைத்ததை 2023ல் வெளியிட்டிருக்கிறார்கள். அது வருகிறபோது பயன்படுத்திக்கொள்ள மாமாவுக்குப் புண் இல்லாத தோலும், இறுகாத மூட்டும், கெடாத சிறுநீரகமும் வேண்டும். நிலத்தை விற்றால் இது ஒன்றும் வராது.

ஃபிலிமோடு நிறுத்தாமல் சிடியையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் நாங்கள் பொறுக்கிய துண்டுகள்தான் இருக்கும், சிடியில் எல்லாம் இருக்கும். முதல் ஸ்கேன் சிடி கையில் இருந்தால்தான் பத்து வருஷம் கழித்து எடுப்பதோடு ஒப்பிட முடியும். அப்படி ஒப்பிடுகிற தேவை வரும். அடிபட்டு வருஷங்கள் கழித்து, சிலருக்கு அந்த இடத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் நிறைந்த குழல் உருவாகி மெதுவாக மேலே ஏறும். சிரின்க்ஸ் என்பார்கள். மரத்துப்போன இடத்தின் எல்லை மேலே ஏறும், புது வலி வரும், இருமினால் கூடும், கை பலம் குறையும். நாள்பட்ட ஆள்தானே என்று விட்டுவிடக் கூடாது, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அத்தைக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, கோயிலுக்குப் போய் வந்ததும், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியை ஒடித்து, மாமாவின் வயிற்றில் கீழேயிருந்து மேலே குத்திக்கொண்டே வருவாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்கிற இடத்தில் விரல் வைத்துத் தொப்புளிலிருந்து அளப்பாள். காலண்டரில் எழுதுவாள். எட்டு வருஷத்துக் காலண்டரும் பரண் மேல் இருக்கிறது. எல்லாவற்றிலும் நாலு விரல், நாலு விரல், சில மாதம் மூன்றரை.

போன மாதம் இரண்டு. இந்த மாதமும் இரண்டு. வலது பக்கம் மட்டும். டாக்டரிடம் காட்டியாயிற்று, காலண்டரைப் பார்த்துவிட்டு அவரே எம்ஆர்ஐ எழுதினார். வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என் மிஷினில் போட்டிருக்கிறேன். பழைய சிடி இரண்டும், ஸ்குரூ சீட்டும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அத்தை நேற்று போனில் கேட்டாள், "தாயத்த இங்கயே அவுத்து வச்சிட்டு வரட்டுமா, நீ வந்து அவுக்கியா?" நானே அவிழ்க்கிறேன் என்று சொன்னேன்.